பிக்கப் டிரக்கில் செயற்கைக்கோள் வானொலி: ட்யூனரா, தனிக் கருவியா?

அமெரிக்காவில் பழைய பிக்கப் டிரக்கில் சிரியஸ்எக்ஸ்எம் என்ற செயற்கைக்கோள் வானொலிச் சேவையைக் கேட்க விரும்புவோருக்கு இரண்டு வழிகள் உண்டு: ஸ்டீரியோவையே மாற்றி, அதன் பின்னால் எஸ்எக்ஸ்வி300 ட்யூனரை (செயற்கைக்கோள் ஒலிபரப்பை வாங்கும் சிறு பெட்டியை) செருகுவது ஒன்று, ஸ்டீரியோவைத் தொடாமல், டேஷ்போர்டின் மேல் தனிக் கருவியை வைத்து காலியான எஃப்எம் அலைவரிசை வழியாகவோ ஆக்ஸ் கேபிள் (ஒலியை ஸ்டீரியோவுக்கு நேரடியாகக் கொண்டுசெல்லும் கம்பி) வழியாகவோ கேட்பது மற்றொன்று.

முதல் வழியில் ஒலி தெளிவாக இருக்கும். பாடலின் பெயரும் ஸ்டீரியோ திரையிலேயே தெரியும். ஆனால் பொருத்தச் சிக்கல்கள் அங்கேதான் குவிந்து கிடக்கின்றன. அந்த ட்யூனர் தனக்கென வடிவமைத்த ஸ்டீரியோக்களில் மட்டுமே வேலை செய்யும். ஜெனரல் மோட்டார்ஸின் பல டிரக்குகளில் சீட் பெல்ட் எச்சரிக்கை மணியும் ஸ்டீரியோ வழியாகவே ஒலிப்பதால், அதைக் கழற்றியதும் மணி நின்றுபோகும். ஸ்டீரிங் பொத்தான்களும் செயலிழக்கும். இவற்றை மீட்க, அந்த மாடலுக்கு ஏற்ற இணைப்புப் பெட்டியைத் தனியாக வாங்க வேண்டும். வாங்குபவர் பலர் கணக்கில் சேர்க்க மறப்பது இந்தச் செலவைத்தான்.

தனிக் கருவிக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆயினும் எஃப்எம் வழியாகக் கேட்டால், காலி அலைவரிசை அரிதான பெருநகரங்களில் உள்ளூர் நிலையம் குறுக்கிட்டு இரைச்சல் எழும். ஆக்ஸ் துளை இருக்கும் டிரக் என்றால் நான் தயங்காமல் தனிக் கருவியையே தேர்ந்தெடுப்பேன்.

ஆன்டெனா இரண்டுக்கும் பொதுவான தலைவலி: 2015 மாடல் முதல் ஃபோர்டு எஃப்-150இன் கூரை அலுமினியம் என்பதால், அதில் ஆன்டெனாவின் காந்த அடி ஒட்டாது, பிசின் பட்டையைத்தான் நாட வேண்டும்.