ஃபெரைட்டா, நியோடிமியமா: சின்னக் காற்றாலைக்கு எந்தக் காந்தம்?

சின்னக் காற்றாலை ஒன்றுக்கு ஜெனரேட்டர் கட்ட இறங்கினால் முதலில் முடிவாக வேண்டியது காந்தம்தான். பெரும்பாலானோர் கை நியோடிமியம் என்ற உலோகம் சேர்த்த காந்தத்துக்குத்தான் போகும். நான் ஃபெரைட் எடுத்தேன், அதாவது இரும்பு ஆக்சைடு கலந்து சுட்ட, பீங்கான் மாதிரியான காந்தம்.

பலத்தில் ஃபெரைட் கிட்டவே வராது. காந்தமேற்றிய பிறகு நியோடிமியத்தில் தங்கும் காந்தப்பாய்வு அடர்த்தி (டெஸ்லா என்ற அலகில் அளப்பது) சாதாரணமாக 1.2 டெஸ்லாவைத் தாண்டும். ஃபெரைட்டில் சுமார் 0.4. எல்லாம் குட்டிக் காந்தங்களான அணுக்கள் எந்தப் பக்கம் பார்த்து நிற்கின்றன என்பதைப் பொறுத்தது. நியோடிமியம்-இரும்பு-போரான் படிகத்தில் இரும்பு அணுக்கள் எல்லாம் ஒரே பக்கம் பார்க்கின்றன; அந்தத் திசை மாறாமல் இறுக்கிப் பிடிப்பது நியோடிமியத்தின் வேலை. ஃபெரைட்டிலோ, 12 இரும்பு அயனிகளில் 8 ஒரு பக்கம், 4 எதிர்ப்பக்கம். கழித்தால் மிச்சம் நான்கின் பலம்தான்.

அப்புறம் ஏன் ஃபெரைட்? சூடு. நல்ல காற்றடித்தால் கம்பிச்சுருளில் மின்னோட்டம் ஏறும், மூடிய கூட்டுக்குள் வெப்பமும் ஏறும். நியோடிமியத்தின் கியூரி வெப்பநிலை, அதாவது நிலைகாந்தத் தன்மையே போய்விடும் சூடு, சுமார் 310 டிகிரி செல்சியஸ் என்று படித்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. சாதாரண ரகத்துக்கு 80 டிகிரிதான் எல்லை. சூடாக ஆக, எதிர்ப்புலத்தை (தன் காந்தத்துக்கு எதிர்த்திசையில் வரும் காந்தப்புலத்தை) தாங்கும் சக்தி அதற்கு மளமளவென்று குறையும். சுருளில் ஓடும் மின்னோட்டம் உண்டாக்கும் எதிர்ப்புலம் வலுப்பதும் அதே நேரத்தில்தான். அப்போது இழந்த காந்தம் ஆறிய பிறகும் திரும்பாது. மறுபடி காந்தமேற்றத்தான் வேண்டும். 120, 150 டிகிரி தாங்கும் ரகங்கள் உண்டு, ஆனால் அவற்றில் பெரும்பாலும் டிஸ்ப்ரோசியம் என்ற அரிய உலோகம் சேர்ப்பார்கள், விலை எகிறும்.

ஃபெரைட் நேர்மாறு. சூடு ஏற ஏற எதிர்ப்புலத்தை இன்னும் நன்றாகத் தாங்கும். டிகிரிக்கு 0.2 சதவீதம் பலம் குறையத்தான் செய்கிறது (நியோடிமியத்தில் இது 0.12 அளவுதான்), ஆனால் ஆறியதும் திரும்பிவிடும். துருவும் தொல்லையில்லை, ஏற்கெனவே ஆக்சைடாக இருப்பதற்குப் புதிதாக என்ன துரு? நியோடிமியத்தில் நிக்கல் முலாம் கொஞ்சம் பெயர்ந்தால் போதும், ஈரம் புகுந்து உள்ளே பொடியாக உதிரத் தொடங்கும்.

சரி, விலை கொடுக்காமல் இல்லை. சுழலி பெரிதாகும், செம்புக் கம்பியும் கூடும். எடை முக்கியமான ட்ரோன், ஹெட்போன் மாதிரி இடங்களில் பேச்சே வேண்டாம், நியோடிமியம்தான். பலத்தில் இரண்டுக்கும் நடுவில் சமேரியம்-கோபால்ட் என்ற காந்தம் இருக்கிறது. சூட்டுக்கு அசராது, விலைதான் உதைக்கும். நான் கையாண்டதில்லை, அதனால் அதற்குப் பரிந்து பேசவில்லை.

கடுங்குளிரில் கதை தலைகீழ்: அங்கே எதிர்ப்புலத்துக்குச் சீக்கிரம் பணிவது ஃபெரைட். அந்தக் குளிரில் நான் ஓட்டிப் பார்த்ததில்லை. உறைபனி நாள்கணக்கில் நிற்கும் இடமென்றால் கொஞ்சம் தடிமனான ஃபெரைட் துண்டாக எடுப்பது நல்லது.