இரண்டேகால் ஆண்டு, 11 சூப்பான்கள்

பாசிஃபையர் என்று கடைகளில் விற்கப்படும் சூப்பானை என் மகள் ஆறாவது வாரத்தில் முதன்முதலாக வாயில் வாங்கினாள். இரண்டு வயது நான்கு மாதத்தில் விட்டாள். இடையில் 11 சூப்பான்கள் வந்து போயின. மருந்துக் கடையில் ‘நிப்பிள்’ என்று கேட்டால் பால் புட்டியில் மாட்டும் காம்பைத்தான் எடுத்துத் தருவார்கள். சூப்பானில் பால் வராது; சப்ப வேண்டும் என்று குழந்தைக்குக் கருவிலேயே தோன்றிவிடும் உந்துதலைத் தணிப்பது மட்டுமே அதன் வேலை. அதன் ஆங்கிலப் பெயருக்கு அமைதிப்படுத்துவது என்று பொருள். பிரிட்டனிலோ அதை ‘டம்மி’, அதாவது போலி என்கிறார்கள். இந்தப் பெயரே நேர்மையானது என்று எனக்குப் படுகிறது.

ஆறு வாரம் காத்திருந்ததற்குக் காரணம் உண்டு. தாய்ப்பால் கொடுப்பதற்கென உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் 1989-இல் வகுத்த பத்துப் படிகளில், தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குச் சூப்பான் கொடுக்கவே கூடாது என்றிருந்தது. 2018-இல் அதைத் திருத்தி, அதன் பயன்பாட்டையும் அபாயத்தையும் தாய்க்கு எடுத்துச் சொல்லுங்கள் என்று மாற்றினார்கள். பால் நன்றாக ஊறி, குழந்தை மார்பில் சரியாகப் பற்றிக் குடிக்கப் பழகிய பிறகே கொடுக்கலாம் என்றார் எங்கள் மருத்துவர். அப்படியும் நான் ஒரு தவறு செய்தேன். மூன்றாம் மாதத்தில், அழுதால் உடனே சூப்பான் என்று கை பழகிவிட்டதால், பசி அழுகை எது, தூக்க அழுகை எது என்று நின்று கேட்பதை விட்டுவிட்டேன். அந்த மாதம் எடை சரியாக ஏறவில்லை. அதன் பிறகு முதலில் பால், அப்போதும் அடங்காவிட்டால்தான் சூப்பான் என்று வைத்துக்கொண்டேன்.

எனக்கு அது உண்மையில் உதவியது தூக்கத்தில்தான். தூங்கும்போது சூப்பான் கொடுப்பது குழந்தைகள் உறக்கத்திலேயே திடீரென இறந்துபோகும் அபாயம் குறைவதோடு தொடர்புடையது என்பதால், அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2005 முதல் அதைப் பரிந்துரைக்கிறது. தூங்கிய பின் வாயிலிருந்து விழுந்துவிட்டால் மீண்டும் வைக்கத் தேவையில்லை என்பதும் அந்தப் பரிந்துரையிலேயே இருக்கிறது. இது தெரியாமல் இரண்டு மாதம் நள்ளிரவில் கட்டிலுக்கடியில் துழாவிக்கொண்டிருந்தேன். தடுப்பூசி போட்ட மாலைகளிலும் நன்றாகக் கைகொடுத்தது. பேருந்துப் பயணத்தில் பெரிய பயனில்லை.

பொருளைப் பற்றிச் சொல்வதானால், முதலில் வாங்கிய மஞ்சள் நிற ரப்பர் சூப்பான்கள் மென்மையாக இருந்தன. ஆனால் ஐந்தாறு வாரத்திலேயே பிசுபிசுத்து உருமாறின. சிலிக்கோன் சூப்பான்கள் கொதிநீரைத் தாங்கின. எங்கள் ஊர் ஆழ்துளைக் கிணற்று உப்புநீரில் கொதிக்க வைத்தபோது வெள்ளைப் படலம் படிந்ததால், குடிதண்ணீருக்கு மாறினேன். பல் முளைத்த பிறகு தினமும் காம்பை இழுத்துப் பார்ப்பேன். சிறு கீறல் தெரிந்தாலும் குப்பைக்குத்தான். உதட்டுக்கு வெளியே நிற்கும் தட்டு குறைந்தது 38 மில்லிமீட்டர் அகலமும் காற்றுத் துளைகளும் கொண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் முழுச் சூப்பானும் வாய்க்குள் போய் மூச்சை அடைக்கலாம். உறவினர் ஒருவர் திருவிழாக் கடையில் ஆசையாக வாங்கி வந்ததில் தட்டு ஒரு சட்டைப் பொத்தானைவிடச் சற்றே பெரிதாக இருந்தது. அவர் புறப்பட்டதும் எறிந்துவிட்டேன்.

என் மாமியாரோடு இரண்டு விஷயங்களில் வாதாட வேண்டியிருந்தது. கீழே விழாமல் இருக்கக் கறுப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் கட்டலாம் என்றார். கயிறு கழுத்தை இறுக்கக்கூடும் என்று விளக்கியதும் ஒப்புக்கொண்டார். தேனில் தொட்டுக் கொடுப்பதை நிறுத்தத்தான் மருத்துவரே சொல்ல வேண்டியதாயிற்று. ஒரு வயது நிறையாத குழந்தையின் குடலில், தேனில் இருக்கக்கூடிய போட்டுலிசக் கிருமியின் வித்துகள் முளைத்து நஞ்சை உண்டாக்கி, தசைகளைச் செயலிழக்கச் செய்யலாம். ‘நாங்க எல்லாருக்கும் வச்சோம், ஒண்ணும் ஆகல அத்தை வீட்டுப் பிள்ளைகளுக்கு’ என்ற முணுமுணுப்பு மட்டும் சில நாள் நீடித்தது.

பதினோராம் மாதத்தில் மகளுக்குக் காதுவலி வந்தது. நடுக்காது அழற்சிக்குச் சூப்பானும் ஒரு காரணமாகலாம் என்பதால், ஆறு மாதத்துக்குப் பிறகு குறைத்துக்கொள்வது நல்லது என்றார் மருத்துவர். அவளுக்கு வந்தது அதனால்தான் என்று சொல்ல முடியாது. ஆனாலும் பகலில் விழித்திருக்கும் நேரத்தில் நிறுத்தினேன். நிறுத்திய பிறகுதான், நான் தொலைபேசியில் பேசும்போதெல்லாம் அவள் வாயில் அதை வைத்திருந்திருக்கிறேன் என்பது எனக்கே விளங்கியது.

இரண்டு வயதில் பல் மருத்துவர், வாயை மூடினாலும் மேல் முன்பற்களும் கீழ் முன்பற்களும் தொடாமல் நடுவே இடைவெளி நிற்பதைக் காட்டினார். மூன்று வயதுக்குள் நிறுத்தினால் பெரும்பாலும் தானே சரியாகிவிடும் என்றார். விரல் சூப்பும் பிள்ளைகளுக்குச் செய்வதுபோல் வேப்பெண்ணெய் தடவும் யோசனை வீட்டில் எழுந்தது. எனக்கு மனம் வரவில்லை. தவிர, விரலைப்போல் அல்லாமல் சூப்பானை எடுத்து ஒளித்துவைக்க முடியுமே. மதியத் தூக்கத்தில் முதலில் நிறுத்தினோம், மூன்று வாரம் கழித்து இரவிலும். நான்கு இரவுகள் அழுதாள்; ஐந்தாம் இரவு என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு தூங்கினாள். மூன்றாவது பிறந்தநாளுக்குப் பிறகு பார்த்தபோது இடைவெளி பெருமளவு குறைந்திருந்தது. புடவைத் தலைப்பை இன்னும் விடவில்லை.