பெருமழைக்குப் பிறகு தூண்டில் எங்கே: ஏரிக்கரையா, முகத்துவாரமா?

வடகிழக்குப் பருவமழை நாலு நாள் விடாமல் அடித்து ஓய்ந்ததும் சென்னைத் தூண்டில்காரர்கள் இரண்டு கட்சியாகிவிடுவார்கள். ஒரு கூட்டம் விராலுக்காக ஏரிக்கரைக்குப் போகும். இன்னொன்று கொடுவாவுக்காக முட்டுக்காடு, கோவளம் முகத்துவாரங்கள் பக்கம் வண்டியைத் திருப்பும். எந்தப் பக்கம் போவது என்பதை மழையின் அளவு சொல்லாது, மழை விட்டு எத்தனை நாள் ஆயிற்று என்பதுதான் சொல்லும். பொதுவாக முதல் நாலைந்து நாள் ஏரிக்குச் சாதகம், பிறகு முகத்துவாரத்துக்கு.

காரணம் எளிது. ஏரி நிரம்பும்போது தண்ணீர் கரையோரப் புல்லுக்குள்ளும் வயலுக்குள்ளும் பரவும். தவளையையும் பொடி மீனையும் தேடி விராலும் ஒன்றிரண்டு அடி ஆழத்துக்கு ஏறி வரும். காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் மீன் என்பதால், அழுகிய புல்லால் தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைந்தாலும் அதற்குக் கவலையில்லை. ஏரி நிரம்பி உபரிநீர் வழியும் கலங்கலில், தண்ணீர் விழும் இடத்தில் கெண்டையும் ஜிலேபி மீனும் கூடும். விரால் அந்த வேகத்தில் நிற்காது, பக்கவாட்டில் தண்ணீர் அடங்கிக் கிடக்கும் மூலைகளில்தான் பதுங்கும்.

விராலுக்கு ஏழடி ராடு (தூண்டில் கம்பு), 30 முதல் 50 பவுண்டு தாங்கும் பிரெய்ட் (பின்னல் நூல்), 10–15 கிராம் எடையுள்ள ரப்பர் தவளை போதும். கலங்கிய தண்ணீரில் கீழிருந்து பார்க்கும் மீனுக்கு நிறம் தெரியாது, நிழல்தான் தெரியும். அதனால் கருப்புத் தவளையே மேல். மெதுவாக இழுத்து, புல் இடைவெளி வந்ததும் நிறுத்த வேண்டும். மீன் அடித்த சத்தம் கேட்டவுடன் ராடைச் சுண்டினால் தவளை மட்டும் திரும்பி வரும். ஒன்றிரண்டு நொடி பொறுத்து, நரம்பில் (தூண்டில் நூலில்) கனம் ஏறிய பிறகு சுண்ட வேண்டும். முள் நுழையும் பள்ளங்கள் வழியாகத் தவளைக்குள் தண்ணீர் புகும். அவ்வப்போது பிதுக்கி வெளியேற்றாவிட்டால் பின்பக்கம் தாழ்ந்து, புல்லில் சிக்க ஆரம்பிக்கும்.

செம்மஞ்சள் குஞ்சுக் கூட்டம் மேலே வந்து குமிழி விட்டால், அடியில் தாய் தகப்பன் காவல் நிற்கிறது என்று அர்த்தம். அங்கே வீசினால் நிச்சயம் அடிக்கும். அந்தத் தாய் தகப்பனைத் தூக்கிவிட்டால் குஞ்சு மற்ற மீனுக்குத் தீனி. வீசாதீர்கள்.

ஏரியின் குறை, அனுமதியும் ஆபத்தும். செம்பரம்பாக்கமும் புழலும் குடிநீர் ஏரிகள். மற்ற ஏரிகளிலும் மீன் குத்தகைக்குப் போயிருக்கும், குத்தகைதாரரிடம் கேட்காமல் இறங்கினால் வம்பு. செம்பரம்பாக்கத்தின் முழு உயரம் 24 அடி. அதை நெருங்கும் நாட்களில் உபரிநீர்க் கால்வாய்க்குள் இறங்குவது தற்கொலைக்குச் சமம். மதகு திறந்த சற்று நேரத்தில் நிற்கும் இடமே இருக்காது.

முகத்துவாரத்தின் கணக்கு வேறு. ஆற்று நன்னீர் கனம் குறைந்தது, மேலே மிதக்கும். உப்புநீர் அடியில் கிடக்கும். வெள்ளம் உச்சத்தில் இருக்கும்போது அடிவரை நன்னீராகி, மடவையும் இறாலும் கடல் பக்கம் தள்ளப்படும். கொடுவா நன்னீரிலும் வாழும் மீன்தான், ஆனால் தீனி போகும் இடத்துக்கு அதுவும் போகும். செந்தண்ணீர் தெளியத் தொடங்கியதும், வற்றத்தில், அதாவது கடல் மட்டம் இறங்கும்போது, தண்ணீர் கடலுக்கு இறங்கும் இரண்டு மூன்று மணி நேரம்தான் வேட்டை. ஒரு எச்சரிக்கை: ஆற்றில் வரத்து இருக்கும்வரை ஏற்றவற்ற அட்டவணை நேரத்தை அப்படியே நம்பாதீர்கள். கடல் ஏற்றம் தொடங்கிய பிறகும் தண்ணீர் வெளியே ஓடிக்கொண்டிருக்கும்.

உயிரிரைக்கு 40–60 கிராம் ஈயக்குண்டு, ஸ்விவல் (நரம்பு முறுக்காமல் சுழலும் இணைப்பு), அதற்குக் கீழே இரண்டடி நீளத்தில் 40 பவுண்டு தங்கூசி (நைலான் நரம்பு), 4/0 அளவு முள். மடவையை மேலுதட்டில் கோர்க்க வேண்டும். வாலில் கோர்த்தால் ஓட்டத்தில் சுழன்று நரம்பை முறுக்கிவிடும். இறாலென்றால் கொம்புக்குக் கீழே, ஓட்டுக்குள் தெரியும் கருப்புப் புள்ளியைத் தொடாமல். உப்புநீர் வாளியிலிருந்த இறாலை நேராக நன்னீரில் போட்டால் துள்ளல் போய்விடும். அந்த இடத்துத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக வாளியில் கலந்து பழக்குங்கள். லூர் (செயற்கை இரை) என்றால் 14–20 கிராம் ஜிக்கில் (ஈயத்தலை முள்ளில்) நாலங்குல ரப்பர் மீன், தரையை ஒட்டி. மேல் தண்ணீரில் இழுப்பது வீண்.

முகத்துவாரங்களும் ஒன்றுபோல் இல்லை. அடையாற்றில் செம்பரம்பாக்கம் உபரி திருநீர்மலை அருகே சேர்ந்து ஊர்ச் சாக்கடையையும் ஆகாயத்தாமரையையும் ஒன்றாக அள்ளி வரும். ஈயக்குண்டு தரை தொடும் முன்பே நரம்பில் செடி குவியும். முட்டுக்காட்டுக்கு வருவது பள்ளிக்கரணைச் சதுப்பிலிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய் வழியாக மெதுவாக இறங்கும் தண்ணீர். வேகம் குறைவு, ஆனால் தெளிய நாளாகும். எண்ணூரில் பிடித்ததைச் சாப்பிட யோசிக்க வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்யே கலந்து வந்த கழிமுகம் அது. அடையாற்று மீனும் என் கணக்கில் பிடித்துத் திரும்பத் தண்ணீரில் விடுவதற்கு மட்டும்தான்.

சமையலுக்கென்றால் ஏரி விரால். ராடு வளையும் சுகத்துக்கு முகத்துவாரக் கொடுவா, சந்தேகமே இல்லை. கொடுவா ஆணாக முதிர்ந்து பிற்பாடு பெண்ணாக மாறும் மீன். பெரியதெல்லாம் முட்டைக்காரி, விட்டுவிடுவது நல்லது.

வெள்ளம் வெட்டிய மணல்திட்டின் விளிம்பில் நிற்கக் கூடாது. அடியில் அரித்திருக்கும், சொல்லாமல் சரியும். காலில் கீறல் இருந்தால் தேங்கிய தண்ணீரில் பூட்ஸ் இல்லாமல் இறங்காதீர்கள், எலிக்காய்ச்சல் வரும் வழி அதுதான்.

காலையில் போனதும் வெள்ளை லூர் ஒன்றைத் தண்ணீரில் இறக்கிப் பாருங்கள். ஒரு அடி ஆழம்வரை தெரிந்தால் முகத்துவாரத்தில் லூர் வீசலாம். அரையடியில் மறைந்தால் உயிரிரை. இரண்டு விரல் ஆழத்திலேயே மறைந்தால் வண்டியை ஏரிக்குத் திருப்புங்கள்.