பழைய ஃபர்னஸ்: திருத்துவதா, மாற்றுவதா?

ஜனவரியில் ஒரு நாள் காலை கண்விழித்தபோது வீட்டுக்குள் 14 பாகை. வெளியே, ரொறன்ரோவின் ஸ்காபரோவில், மறை 18. பேஸ்மென்டுக்கு இறங்கி, எரிவாயுவை எரித்து வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸின் மேல் கதவைக் கழற்றிப் பார்த்தேன். சின்ன விசிறி சுழன்றது, பற்றவைக்கும் தகடு செக்கச்செவேலென்று சிவந்தது, நீலச் சுவாலை குப்பென்று எழுந்தது. நான்கு எண்ணுவதற்குள் அணைந்துபோனது. மூன்று முறை இப்படி முயன்றுவிட்டு, சண்டித்தனம் செய்யும் மாடு மாதிரிப் படுத்துவிட்டது.

முதலில் வந்தவர் இயந்திரத்தைவிட அதன் வயதைத்தான் அதிகம் விசாரித்தார். 2004இல் பூட்டியது என்றேன். "இனி இதற்குச் செலவழிப்பது வீண்" என்று 6,200 டொலருக்குப் புதியது எழுதிக் கொடுத்தார். அன்றே கையெழுத்திட்டால் விலைக்கழிவும் உண்டாம். இரண்டாவதாக வந்தவர் ஒரே ஒரு திருகாணியைக் கழற்றி, பென்சிலைவிட மெல்லிய ஒரு கம்பியை வெளியே இழுத்தார். அதன் மேல் சாம்பல் நிறப் படலம். இரும்பு நாரால் தேய்த்துத் திருப்பிச் செருகினார். பத்து நிமிடம், 140 டொலர். "அண்ணை, இது இன்னும் ஓடும். எவ்வளவு காலம் என்று மட்டும் கேட்காதீர்கள்" என்றார்.

அந்தக் கம்பி சுவாலையை உணரும் கம்பி. தீ எரிகிறதா என்று ஒரு நுண்ணிய மின்னோட்டத்தால் சோதிக்கும். அழுக்குப் படிந்தால் எரிகிற தீயும் அதற்குத் தெரியாது. எரியாத வாயு வீட்டில் சேர்ந்துவிடக் கூடாதே என்று கட்டுப்பாட்டுப் பலகை உடனே வாயுவை அடைத்துவிடும். அதாவது, என் ஃபர்னஸ் கெட்டுப்போகவில்லை, தன் கடமையைத்தான் செய்திருக்கிறது.

6,200க்கும் 140க்கும் இடையிலுள்ள தூரம்தான் என்னைக் கணக்குப் போட வைத்தது.

மாற்றச் சொல்பவர்கள் முதலில் எடுப்பது எரிவாயுச் சேமிப்பை. என் பழையதன் திறன் 80 வீதம்: நூறு டொலருக்கு வாயு எரித்தால் எண்பது டொலர் சூடு வீட்டுக்கு, மிச்சம் புகைபோக்கி வழியே வானத்துக்கு. புதியவை 96 வீதம். கனடாவில் 2009 இறுதியிலிருந்து 90 வீதமும், 2019 ஜூலையிலிருந்து 95 வீதமும் கட்டாயக் கீழெல்லை ஆகிவிட்டதால், இன்று வாங்கப்போனால் வேறு தெரிவும் இல்லை. சரி, மிச்சம் எவ்வளவு? ஜூலை மாத பில் கிட்டத்தட்டக் குளியலுக்கும் அடுப்புக்கும் மட்டுமானது. அதை ஒவ்வொரு மாதத்திலிருந்தும் கழித்தால் வீட்டைச் சூடாக்க ஆகும் செலவு வரும். எனக்கு அது ஆண்டுக்குச் சுமார் 1,200 டொலர். 80ஐ 96ஆல் வகுத்துப் பெருக்கினால் 1,000. மிச்சம் 200. போட்ட 6,200 திரும்பி வர 31 வருடம். அதற்குள் புதியதும் கிழடாகிவிடும்.

ஆனால் எல்லா வீட்டுக்கும் இதே விடை இல்லை. எப்போதும் ஒரு சிறு சுடர் எரிந்துகொண்டிருக்கும் 60 வீதப் பழங்காலத்து ஃபர்னஸ் உங்களுடையது என்றால், அதே 1,200 டொலர் 750க்கு இறங்கும். போட்ட பணம் 14 வருடத்தில் திரும்பி வந்துவிடும், மாற்றுவதற்கு அதுவே போதுமான காரணம். ஏற்கெனவே 90 வீதத்தில் ஓடுகிறவர்களுக்கோ மிச்சம் வெறும் 75 டொலர். அவர்களிடம் வந்து சேமிப்பைப் பற்றிப் பேசுகிறவரைத் தேநீர் கொடுத்து அனுப்பிவிடலாம்.

எனவே வயதையும் பில்லையும் விட்டுவிட்டு, எந்தப் பாகம் போனது என்று கேட்பதுதான் முறை. பற்றவைக்கும் தகடு, அழுத்த ஆளி போன்றவை சில்லறைச் சாமான்கள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பதுபோல் ஆள் வந்துபோகும் கூலிதான் பெரிது. இவற்றுக்காக ஃபர்னஸை எறிவது பல்வலிக்குத் தலையை வெட்டுவதாகும். புகையை வெளியே இழுக்கும் விசிறி மோட்டார், கட்டுப்பாட்டுப் பலகை, காற்றை வீடெங்கும் தள்ளும் பெரிய மோட்டார் ஆகியவை அடுத்த படி. எனக்குச் சொல்லப்பட்ட விலைகள் 600 முதல் 1,400 டொலர் வரை. தடுமாற்றம் இங்கேதான். வயதைத் திருத்தச் செலவால் பெருக்கி, 5,000ஐத் தாண்டினால் மாற்று என்று ஒரு சூத்திரம் சொல்வார்கள். அதன்படி இருபது வயது ஃபர்னஸுக்கு 300 டொலர் திருத்தம்கூடக் கூடாது! விற்பவர்களுக்கு இந்தச் சூத்திரம் பிடித்துப்போனதில் வியப்பில்லை. நான் வைத்துக்கொண்ட அளவு வேறு: புதியதன் விலையில் ஐந்தில் ஒரு பங்குக்கு உட்பட்டது என்றால் திருத்துவது, ஒரே குளிர்காலத்தில் இரண்டாவது பெரிய பாகமும் போனால் நிறுத்துவது.

ஒரு பாகத்துக்கு மட்டும் இந்தப் பேரமெல்லாம் செல்லாது. வெப்பமாற்றி என்ற உலோக அறைக்குள் தீயும் புகையும் ஓடும், அதன் வெளிப்புறத்தை உரசிக்கொண்டு நாம் சுவாசிக்கும் காற்று ஓடும். நடுவில் இருப்பது ஒரு மெல்லிய தகடு. அதில் வெடிப்பு விழுந்தால் கார்பன் மொனொக்சைட் என்ற நச்சு வாயு படுக்கையறைக்கு வரலாம். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. இந்த நிலையில் எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் உரிமம் பெற்ற தொழில்நுட்பவியலாளர் சிவப்புச் சீட்டு ஒட்டுவார். ஏ வகை என்றால் வாயு அந்த நிமிடமே அடைக்கப்படும். பி வகை என்றால் திருத்த 45 நாள் வரை தவணை. வெப்பமாற்றியை மட்டும் மாற்றலாம்தான், உற்பத்தியாளரின் உத்தரவாதத்தில் இலவசமாகக்கூடக் கிடைக்கலாம். ஆனால் முழு ஃபர்னஸையும் பிரிக்கும் கூலி உங்கள் தலையில். பதினைந்து வயதுக்கு மேல் என்றால் மாற்றிவிடுங்கள், இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. வெடிப்பை கமராவில் படம்பிடித்துக் காட்டச் சொல்லிக் கேட்பதில் மட்டும் வெட்கப்படாதீர்கள். காட்ட மறுத்தால் இன்னொருவரை அழையுங்கள். அவர் வரும்வரை மின்சார ஹீட்டரை வைத்துச் சமாளியுங்கள், ஃபர்னஸை ஓட்டிப் பார்க்காதீர்கள்.

மாற்றுவதற்கு எழுதிக் கொடுக்கும் விலையில் இல்லாத செலவு ஒன்றும் உண்டு. என் பழைய ஃபர்னஸும் வெந்நீர்த் தொட்டியும் ஒரே உலோகப் புகைபோக்கியைப் பங்குபோட்டுக்கொண்டன. புதிய ஃபர்னஸின் புகை அவ்வளவு சூடில்லாதது. அது பிளாஸ்டிக் குழாய் வழியாகப் பக்கச் சுவரால் வெளியேறும். அப்போது பெரிய புகைபோக்கியில் வெந்நீர்த் தொட்டி தனித்துவிடும். அதன் சிறிய புகை மேலே ஏறுமுன் குளிர்ந்து நீராகி உள்ளே வடியும், புகைபோக்கியை அரிக்கும், சில வேளை புகை வீட்டுக்குள்ளேயே திரும்பும். அதைத் தடுக்க உள்ளே ஒடுங்கிய குழாய் இறக்க வேண்டும். புதிய ஃபர்னஸ் கக்கும் நீருக்கு வடிகாலும் வேண்டும். இவை விலையில் அடக்கமா என்று கேட்காமல் கையெழுத்திட்டால், யானை வாங்கிய பிறகு அங்குசத்துக்கு அலைய வேண்டிவரும்.

வாடகைக்கு எடுப்பது மூன்றாவது வழி என்பார்கள். கைக்காசு வேண்டாம், மாதம் 100 டொலர் போதும். பத்து வருடத்தில் 12,000 கட்டியிருப்பீர்கள், அப்போதும் இயந்திரம் உங்களுடையது அல்ல. வீட்டு வாசலுக்கு வந்து ஃபர்னஸ் ஒப்பந்தம் எழுதுவதை ஒன்ராறியோ 2018 மார்ச்சில் தடைசெய்தது. வாடகைச் சாமான்களைக் காட்டி வீட்டு உறுதிமீது உரிமை பதியும் வழக்கத்துக்கு 2024 ஜூனில் முடிவு கட்டியது. சட்டம் இவ்வளவு தூரம் வரவேண்டியிருந்தது என்பதிலிருந்தே விஷயத்தைப் புரிந்துகொள்ளலாம்.

ஹீட் பம்ப்பைப் பற்றி நினைக்க வேண்டிய நேரம் ஃபர்னஸ் சாகும்போது அல்ல, ஏசி சாகும்போது. அது இருபக்கமும் ஓடத் தெரிந்த ஏசிதான். வெளிக்காற்றிலிருக்கும் வெப்பத்தை இழுத்து உள்ளே விடும். மிதமான குளிரில் ஓர் அலகு மின்சாரத்துக்கு இரண்டு மூன்று அலகு சூடு தரும். குளிர் ஏற ஏற அந்தக் கொடை குறையும். மறை 18 போன்ற நாள்களைப் பழைய ஃபர்னஸிடம் விட்டுவிட்டு, மற்ற நாள்களை இதனிடம் கொடுத்தால் இருபது வயதுக்காரனுக்கும் ஓய்வு கிடைக்கும்.

எங்கள் ஏசி நல்ல நிலையில் இருந்ததால் அந்த வழி வேண்டியிருக்கவில்லை. மார்ச்சில் புகை விசிறியின் மோட்டார் போனது, 700 டொலர். ஏப்ரலில் பெரிய மோட்டார் முனகத் தொடங்கியது. நான் வைத்த அளவு எனக்கே பொருந்தியது, நிறுத்தினேன். அவசரம் இல்லாத மே மாதத்தில் மூவரை அழைத்தேன். இருவர் பழையதன் பெயர்த் தகட்டைப் படித்துவிட்டு, அதே 1,00,000 பி.டி.யு.வுக்கு (சூட்டை அளக்கும் அலகு) விலை எழுதினார்கள். மூன்றாமவர் அளவுநாடாவுடன் வந்தார். சன்னல்களை அளந்தார், உட்கூரைக்கு மேல் ஏறி எத்தனை அங்குலம் வெப்பக்காப்புப் பஞ்சு கிடக்கிறது என்று பார்த்தார், வீட்டுக்கு எவ்வளவு சூடு வேண்டும் என்று காணும் எஃப்280 கணக்கைப் போட்டு 60,000 போதும் என்றார். அளவுக்கு மிஞ்சிய ஃபர்னஸ் குபீரென்று சூடாக்கிவிட்டு நிற்கும், சற்று நேரத்தில் மீண்டும் மூளும். இத்தனை வருடமாக மாடியறை கொதித்ததும் கீழறை குளிர்ந்ததும் அதனால்தான் என்றும் சொன்னார். புகைபோக்கிக்குள் இறக்கும் குழாயை நான் கேட்கும் முன்பே விலையில் சேர்த்திருந்தார். அவருக்கே வேலையைக் கொடுத்தேன்.