வன்னி வெயிலில் பலூன் வளைவு: மூன்று வருடம் கட்டிப் பார்த்ததில்

மகளின் 5ஆவது பிறந்தநாளுக்குப் படலையடியில் நான் கட்டிய முதல் பலூன் வளைவு, மத்தியானம் 2 மணிக்கே பாதி வெடித்துவிட்டது. ஆட்கள் வரத் தொடங்கியது 4 மணிக்கு. பிள்ளை துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு நின்றது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அதற்குப் பிறகு கிளிநொச்சி, பரந்தன், தருமபுரம் என்று சொந்தக்காரர் வீடுகளில் 9 வளைவு கட்டிவிட்டேன்.

அன்று விட்ட பிழை, பலூனை முட்ட ஊதியது. வெயிலில் உள்ளே இருக்கும் காற்று விரியும், றப்பரும் பலமிழக்கும். இப்போது 10 அங்குலப் பலூனை 8 அங்குலத்துக்கு மேல் ஊதுவதேயில்லை. காட்போட் பெட்டியில் 8 அங்குல வட்டம் வெட்டி வைத்து, ஒவ்வொன்றையும் அதற்குள் விட்டு அளந்துதான் முடிச்சுப் போடுகிறேன். சுரைக்காய் மாதிரிக் கழுத்து நீண்டால் காற்று கூடிவிட்டது, கொஞ்சம் விட வேண்டும். கறுப்பும் கருநீலமும் வெயிலை இழுத்து முதலில் வெடிக்கும். வெள்ளை, இளமஞ்சள் கனநேரம் தாங்கும். ஆனால் எந்த நிறமானாலும் வெளியில் சில மணித்தியாலம் நின்றால் பளபளப்புப் போய் மங்கிவிடும். றப்பர் காற்றோடும் வெயிலோடும் சேர்ந்தால் அப்படித்தான், கடைக்காரரில் பிழையில்லை. நான் வீட்டுக்குள் கட்டி வைத்து, வெயில் சாய்ந்த பிறகே வாசலுக்குத் தூக்குகிறேன்.

பலூன் கழுத்தைச் செருகிக் கோர்க்கிற, ஓட்டை போட்ட பிளாஸ்ரிக் நாடாவை இரண்டு முறை பாவித்தேன். சுவரோடு ஒட்டிக் கட்ட நல்லது. எங்கள் பக்கம் சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் திறந்த வாசலுக்குச் சரிவராது. ஆடி ஆடிப்போய் வேலி முள்ளுக்கம்பியில் உரசியது. இப்போது அரை அங்குல பிவிசி பைப் இரண்டைச் சொக்கெற்றால் பொருத்தி வளைக்கிறேன். நிலத்தில் ஒரு அடி ஆழத்துக்கு அடித்த 12 மில்லிமீற்றர் கம்பி இரண்டில் நுனிகளைச் செருகினால் அசையாது. இரண்டு பலூனைக் கழுத்தோடு கழுத்து முடிந்து, அப்படி இரண்டு சோடியை முறுக்கினால் நாலு பலூன் கொத்து. அதைப் பைப்பில் வைத்து, எதிரெதிர்ப் பலூன்களை ஒருமுறை சுற்றினால் நூலே வேண்டாம். முழு வளைவுக்கு ஏறக்குறைய 200 பலூன் போகும். இடைவெளிக்கு 5 அங்குலச் சின்னன்கள்.

மோட்டர்ப் பம் சூடேறி இரண்டாம் விசேஷத்திலேயே மணக்கத் தொடங்கியது. தள்ளும்போதும் இழுக்கும்போதும் காற்று வரும் கைப் பம்தான் இன்றுவரை உழைக்கிறது. ஒருவர் அடிக்க ஒருவர் முடிய, 3 மணித்தியாலம் போதும்.

மருமகளின் சாமத்திய வீட்டுக்கு அம்மா, "வாழைமரம் இல்லாத வாசல் என்ன வாசல் பிள்ளை" என்றா. அவ சொன்னது சரி. வாழையும் மாவிலைத் தோரணமும் முன்னுக்கு, பலூன் ஒரு முழம் உள்ளுக்கு என்று கட்டினோம். அவ்வளவு வடிவான வாசலை நான் அதற்கு முதல் கட்டவில்லை. குருத்தோலை கட்டினால் மட்டும் ஈர்க்கு நுனியை வெட்டிவிடுங்கள், தொட்டவுடன் வெடிக்கும்.

விசேஷம் முடிந்த இரவே கழற்றிவிடுவேன். வெடித்த துண்டைச் சின்னப் பிள்ளைகள் வாயில் வைத்தால் தொண்டையில் அடைக்கும். விடியப் படலையால் வரும் மாடும் ஆடும் மேய்ந்துவிடும். டோர்ச் அடித்து ஒவ்வொரு துண்டாகப் பொறுக்கி உரப்பையில் கட்டுகிறேன். பைப் இரண்டும் முதல் வாங்கினதுதான். சொக்கெற் மட்டும் ஒருமுறை மாற்றினேன்.