சாமல்பட்டி பாறையை வரையும் வகுப்பு: 800 ரூபாய்க்குத் தகுமா?

கிருஷ்ணகிரி மாவட்டம் சாமல்பட்டி பக்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கும் வெளிப்புற நீர்வண்ண வகுப்பு இது. கட்டணம் 800 ரூபாய். மதியம் புளிசாதமும் மோரும் அதிலேயே அடக்கம். நான் கிரானைட் பாலிஷ் யூனிட்டில் கணக்கு எழுதுகிறவன். மலையை வெட்டும் தொழிலில் சம்பளம் வாங்கிக்கொண்டு, வெட்டின மலையை வரையப் போகிறாயா என்று வீட்டில் சிரித்தார்கள்.

மாஸ்டர் உடனே பிரஷ்ஷைத் தொட விடவில்லை. முதலில் ஒரு பாறைத்துண்டைக் கையில் கொடுத்தார். கார்பனடைட், அதாவது சுண்ணாம்புக்கல் மாதிரி கார்பனேட் நிறைந்த எரிமலைக்குழம்புப் பாறை. சாமல்பட்டியிலும் ஒகேனக்கல்லிலும் கிடைப்பது, பூமிக்கடியில் குழம்பாக இருந்து இறுகியது. அந்த வகைக் குழம்பை இன்றைக்கும் கக்கும் எரிமலை உலகிலேயே ஒன்றுதான், தான்சானியாவின் ஓல் டோயின்யோ லெங்காய். இத்தனை வருஷம் இந்த வழியாகப் போய் வந்தும் எனக்குத் தெரியாத விஷயம்.

அப்புறம் ஓவியர்களின் கதை. மெக்சிகோவில் 1943இல் ஒரு சோளக்காட்டில் பரிகுட்டின் எரிமலை வெடித்துக் கிளம்பியது. ஊர்கள் புதைந்தன. டாக்டர் ஆட்ல் என்ற ஓவியர் பக்கத்திலேயே தங்கி அதை வரைந்து தள்ளினார். ஆனால் எனக்குப் பிடித்தது வில்லியம் ஆஸ்க்ராஃப்ட்தான். 1883இல் இந்தோனேசியாவின் கிரகடோவா எரிமலை வெடித்த பிறகு, லண்டனில் தேம்ஸ் கரையில் உட்கார்ந்து, சாம்பல் தூசியால் சிவந்த அந்தி வானத்தை 500க்கும் மேற்பட்ட பாஸ்டல் (வண்ணக்கட்டி) படங்களாக வரைந்தார். அந்த வெடிப்பைப் பற்றி ராயல் சொசைட்டி என்ற பிரிட்டிஷ் அறிவியல் கழகம் 1888இல் வெளியிட்ட அறிக்கையின் முகப்பிலேயே அவர் படங்கள் இருக்கின்றன. அழகுக்கு வரைந்தது அல்ல, சாட்சிக்கு வரைந்தது.

பயிற்சியும் அதே மாதிரிதான். எதிரே இருக்கும் கைவிட்ட குவாரியை அரை மணிக்கு ஒரு முறை, நேரம் குறித்து வரைய வேண்டும். டிரில் கோடுகள், குழியில் தேங்கிய பச்சைத் தண்ணீர், தூரத்து கிரஷர் தூசியில் மதியத்துக்கு மேல் மங்கும் வானம், எல்லாம் வேண்டும். பக்கத்தில் இருந்த காலேஜ் பெண் வெட்டுமுகத்தை மறைத்து ஒரு வேப்பமரம் போட்டார். "மரம் எங்கம்மா இருக்கு?" என்று மட்டும் கேட்டார் மாஸ்டர். மலையைக் கன மீட்டரில் மட்டுமே பார்த்துப் பழகிய எனக்கு, அந்த வெட்டுமுகத்தில் இத்தனை சாம்பல் நிறம் இருப்பது அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது.

குறைகளும் உண்டு. அவர்கள் கொடுக்கும் பேப்பர் மெல்லிசு, தண்ணீர் கலந்த வண்ணத்தை இரண்டாவது முறை பூசும்போதே அலை அலையாக எழும்பிவிடும். பிரஷ் முடி கொட்டுகிறது. கழிப்பறை இல்லை, பெண்களுக்கு ரொம்பச் சிரமம். 300 ஜிஎஸ்எம் தடிமனான பேப்பரும் தொப்பியும் நீங்களே கொண்டுபோங்கள். கிருஷ்ணகிரியிலிருந்து மத்தூர் வழி ஊத்தங்கரை பஸ் பிடித்தால் போதும்.

பூவும் அருவியும் வரைய ஆசைப்படுகிறவர்களுக்கு இது சரிப்படாது. மற்றவர்களுக்கு 800 ரூபாய் தாராளமாகத் தகும்.