‘யூஸ்ட் டு’வும் ‘ஆம் யூஸ்ட் டு’வும்

ஆங்கிலத்தில் ‘ஐ யூஸ்ட் டு வேக் அப் அட் ஃபைவ்’ என்று ஒருவர் சொன்னால், முன்பு 5 மணிக்கு எழும் வழக்கம் அவருக்கு இருந்தது, இப்போது இல்லை என்று பொருள். ‘ஐ ஆம் யூஸ்ட் டு வேக்கிங் அப் அட் ஃபைவ்’ என்பதோ, அவ்வளவு சீக்கிரம் எழுவது அவருக்குப் பழகிவிட்டது, அதில் சிரமமில்லை என்பதைக் குறிக்கிறது. பின்னதில் ‘டு’ முன்னிடைச்சொல் (ப்ரெபொசிஷன்) என்பதால், அதன்பின் பெயர்ச்சொல்லோ ‘இங்’ விகுதி பெற்ற வினையோதான் வரும்; ‘ஐ ஆம் யூஸ்ட் டு தி ஹீட்’ என்பது சரி.

தமிழர் அதிகம் தடுமாறுவது முதல் தொடரில்தான் என்பது என் கருத்து. தமிழில் ‘தினமும் கோயிலுக்குப் போவேன்’ என்று இன்றைய வழக்கத்தையும், ‘சிறுவயதில் தினமும் போவேன்’ என்று பழைய வழக்கத்தையும் ஒரே வினைவடிவத்தால் சொல்லிவிடுகிறோம். அதனால், இன்றும் போகிறவர் ‘ஐ யூஸ்ட் டு கோ டெய்லி’ என்று சொல்லிவிட, கேட்பவர் அவர் கோயிலுக்குப் போவதையே நிறுத்திவிட்டார் என்று புரிந்துகொள்கிறார். இன்றைய வழக்கத்திற்கு ‘ஐ கோ டெய்லி’ என்பதே போதும். இதன் எதிர்மறையில் ‘டிட் நாட்’ வந்தால், ‘யூஸ்ட் டு’ என்றல்லாமல் ‘யூஸ் டு’ என்று எழுதுவதே முறை.